பட்டத்தின் பெயரும் பயிற்சியின் மணிக்கணக்கும்

மருத்துவமனை ஒன்றின் சமூகப்பணிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, களப்பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களை மேற்பார்வையிடுவதும் என் பொறுப்பாகப் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அந்த ஒரே காரணத்தால், பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மேற்படிப்பைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்வி ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும்: "மனிதர்களோடு பழகுகிற வேலைதான் வேண்டும் என்கிறாள், செவிலியர் படிப்பில் சேர்க்கலாமா, சமூகப்பணியில் சேர்க்கலாமா? படம் வரைவதிலும் ஆர்வம் உண்டு. பேசாமல் நுண்கலையிலேயே விட்டுவிடலாமா?" நலவாழ்வு, சமூக சேவை, கலை என்ற மூன்றும் இப்படி ஒரே மூச்சில் கேட்கப்படுவதில் எனக்கு வியப்பில்லை. இயந்திரத்தையும் கணக்கையும்விட மனிதர்களே மேல் என்று நினைக்கிற வயதில் இவை மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகத்தான் தெரியும்.

அவை அண்டைத் துறைகள் என்பது உண்மையும்கூட. யுனெஸ்கோ 2013இல் வகுத்த கல்வித்துறைப் பட்டியலில் மருத்துவம், செவிலியம், சிகிச்சைத் துறைகள், சமூகப்பணி, குழந்தைப் பராமரிப்பு ஆகியவை எல்லாம் ஒரே பெருந்தலைப்பின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. கலைகள் மட்டும் மொழி, வரலாறு, தத்துவம் ஆகியவற்றோடு சேர்ந்து வேறொரு தலைப்பில் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் ஒன்று உண்டு. ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற குடியிருப்பு நிலையம் அது; உதவ வந்தவர்கள் அக்கம்பக்கத்து மக்களோடு அங்கேயே குடியிருந்து பணி செய்த இடம். ஆடம்ஸ் முதலில் மருத்துவம் படிக்கத்தான் போனார். 1881இல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் பாதியில் விட்டுவிட்டார். ஸ்டார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், கலையில் தோய்ந்தவர். பின்னாளில் லண்டனுக்குப் போய்ப் புத்தகம் கட்டும் கலையை முறையாகக் கற்றுத் திரும்பினார். குடியேறி வந்த உழைப்பாளிக் குடும்பங்களுக்கு நடுவே தொடங்கப்பட்ட அந்த நிலையத்தில், அவர்கள் கூடுதலாகக் கட்டிய முதல் கட்டடமே 1891இல் திறக்கப்பட்ட ஒரு கலைக்கூடம்தான். 1897இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அங்கே வந்து தங்கினார். தொழிற்சாலைகளில் ஈயநஞ்சால் உடல் கெடுவதை ஆராய்ந்து தொழில்சார் மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர், 1919இல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியரானவர் அவர். நாடக நடிப்புப் பயிற்சியில் இன்று உலகெங்கும் பயன்படும் 'நாடக விளையாட்டு'களை உருவாக்கிய வயோலா ஸ்போலின், 1920களில் அங்கேதான் நீவா பாய்ட் என்ற சமூகப்பணி ஆசிரியரிடம் குழு விளையாட்டுகளைக் கற்றார். அதாவது, குடியேறியவர்களின் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கச் சமூகப்பணியாளர்கள் கையாண்ட ஒரு முறை, நடிகர்களின் பயிற்சியாக மாறியது.

இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது, "அப்படியானால் எதில் சேர்ந்தாலும் அப்புறம் மாறிக்கொள்ளலாம்தானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆடம்ஸ் மருத்துவத்தை விட்டுச் சமூகப்பணிக்கு வந்தபோது, சமூகப்பணி என்றொரு பட்டமே உலகில் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் அதற்கான முதல் பயிற்சிப் பள்ளி 1899இல்தான் வருகிறது. நியூயார்க்கில் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுப்பு நடந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஹாமில்டன் அந்த வீட்டுக்கு வரும் முன்பே, 1893இலேயே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியிருந்தார். அது இல்லாமல் அவர் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. உள்ளே கலந்து பழகினார்கள் என்றாலும் ஒவ்வொருவரும் நுழைந்து வந்த வாசல் வேறு. அதற்குப் பிந்தைய நூற்றிச் சொச்சம் ஆண்டுகளில் அந்த வாசல்கள் இன்னும் குறுகலாகியிருக்கின்றன.

இதில் எனக்குச் சொல்வதற்கு இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். இந்த மூன்று துறைகளிலும் பட்டத்தின் பெயரையும் பாடங்களின் பட்டியலையும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்தப் படிப்புக்குள் எவ்வளவு நேரம், யாருடைய கண் முன்னால், எதைக் கையால் செய்யப்போகிறோம் என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பொருளாதாரமோ வரலாறோ படிக்கிறவர் நூலகத்தில் உட்கார்ந்தே நல்ல மாணவராகிவிடலாம். செவிலியமும் சமூகப்பணியும் சிற்பமும் அப்படி வருவதில்லை. நாம் செய்வதை ஒருவர் பார்த்து, நிறுத்தி, திருத்தி, மறுபடி செய்யச் சொல்வதன் வழியாகவே அவை வருகின்றன. பொதுவாகச் சொன்னால் இது எல்லோருக்கும் தெரிந்ததாகவே படும். அருகில் போய்ப் பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும்.

எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு மாணவி, பயிற்சியின் முதல் வாரத்தில் பதிவேட்டில் இப்படி எழுதியிருந்தார்: "நோயாளியின் மனைவி மிகவும் மனமுடைந்து காணப்பட்டார். அவருக்கு ஆறுதல் கூறினேன்."

"என்ன ஆறுதல் சொன்னீங்க? சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன் மேடம்."

"சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்ல மேடம்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து தண்ணி பிடிக்கப் போயிட்டாங்க."

அந்தப் பெண் எழுந்து போனதை மாணவி பார்த்திருந்தார். ஆனால் அது தன் சொல்லுக்கு வந்த பதில் என்று அவருக்குத் தோன்றவில்லை. பேச ஏதோ வைத்திருந்தவரின் பேச்சை, நல்லெண்ணத்தோடு சொன்ன அந்த ஒரு வாக்கியம் அடைத்துவிட்டது. அதன் பிறகு வாரந்தோறும், நடந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிவர வைத்தேன்: ஒரு பத்தியில் யார் என்ன சொன்னார் என்பது, அதற்கு அடுத்த பத்தியில் அந்த நேரத்தில் தனக்குள் என்ன ஓடியது என்பது, மூன்றாவது பத்தி என் குறிப்புக்காகக் காலியாக. சமூகப்பணிக் கல்வியில் இது மிகப் பழைய பயிற்சி. மாணவர்களுக்கு இதைப்போல் அலுப்பூட்டும் வேலையும் வேறில்லை. ஆனால் சில வாரங்களில் அதே மாணவி, அதே பெண்ணிடம், "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கணவரின் நோயைப் பற்றி அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்றுதான் சொன்னார். அதற்கு ஓர் ஏற்பாடு செய்ய எங்களால் முடியும். நோயைச் சரியாக்க எங்களால் முடியாது.

சிகிச்சைத் துறைகளில் திருத்தம் வேறு விதமாக வருகிறது. அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சைப் பிரிவு எங்கள் தளத்திலேயே இருப்பதால் அவ்வப்போது பார்ப்பேன். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்குத் தானே சட்டை போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பார்கள். செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பது விதி. ஒருமுறை சொன்னாலே மாணவருக்கு மனப்பாடமாகிவிடும். கடினம் அதற்குப் பிறகு வருகிறது. நோயாளி ஒரே கையால் பொத்தானை ஓட்டைக்குள் தள்ளப் பார்க்கிறார், நழுவுகிறது, மறுபடி தள்ளுகிறார், நெற்றி வியர்க்கிறது. பக்கத்தில் நிற்கும் இளைஞர் தாங்க முடியாமல் கையை நீட்டிவிடுகிறார். "தம்பி, கையைப் பின்னாலே கட்டிக்கோங்க" என்கிறார் மூத்த சிகிச்சையாளர். உதவி செய்யத் துடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, உதவாமல் நிற்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பு அது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது ஒரு பாடமாக அச்சிடப்பட்டிருக்காது.

நுண்கலையைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஓவியம் கற்பிக்கும் தோழி ஒருவர் அழைத்ததால், மாணவர்களின் படைப்புகளைச் சுவரில் மாட்டி எல்லோரும் கூடி விமர்சிக்கும் வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே விதி, வரைந்தவர் முதலில் பேசக் கூடாது என்பதுதான். ஒரு மாணவர் தன் படத்தின் நடுவில் ஒரு முதியவரின் முகத்தை மிகுந்த உழைப்போடு வரைந்திருந்தார். சக மாணவர்களோ சேர்ந்தாற்போல் இடது ஓரத்தில் இருந்த காலி நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவரால் பொறுக்க முடியவில்லை. "அந்த நாற்காலி சும்மா இடம் நிரப்பப் போட்டது" என்று இடையில் புகுந்தார். தோழி, "கண்காட்சியிலும் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று இதைச் சொல்லப்போகிறாயா?" என்று கேட்டார். அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கும் அந்த நாற்காலிதான் நினைவில் நின்றது, முகம் நினைவில்லை. எங்கள் மாணவி எழுதிய பதிவேடும் அந்த மாணவரின் படமும் ஒரே விதமான சோதனைக்குத்தான் உட்படுகின்றன: நாம் செய்ய நினைத்தது ஒன்று, எதிரில் இருப்பவரைச் சென்றடைந்தது வேறொன்று, அதை ஏற்றுக்கொள்ள முடிகிறதா?

ஆக, கற்கும் முறையில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. பிரிவது எங்கே என்றால், பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுவது யார் என்ற இடத்தில். செவிலிய மாணவரின் பிழையில் வேறொருவரின் உடல் பாதிக்கப்படும் என்பதால், சட்டம் உள்ளே வந்து மணிக்கணக்கை எண்ணுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளிகளின் அருகில் கழிய வேண்டும். தொழில்வழி சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு, அங்கீகாரம் கேட்கும் படிப்புகளில் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. சமூகப்பணியில் இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்கிறது: அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இளநிலைப் படிப்புக்குக் குறைந்தது 400 மணி நேரமும் முதுநிலைக்கு 900 மணி நேரமும் களத்தில் செலவிட வேண்டும். கலைக்கு வந்தால் எண்ணவே ஆளில்லை. ஓவியரின் பிழையால் யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை என்பதால், ஓவியராக யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. பட்டமே இல்லாமலும் ஓவியராகலாம். இதைச் சுதந்திரம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது கூடுதல் பொறுப்பாகத்தான் படுகிறது. சட்டம் எண்ணாத மணிக்கணக்கை மாணவரே எண்ணிக்கொள்ள வேண்டும்: ஸ்டுடியோ இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், தனக்கென்று ஒரு மேசையும் சுவரும் உண்டா, ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை முறை வந்து நிற்பார், அச்சு இயந்திரத்தையோ சூளையையோ தொட எந்த ஆண்டு விடுவார்கள். கலைப் பட்டம் தருவது இவற்றைத்தான். இவை இல்லையென்றால் அந்தப் பட்டத்துக்குக் காகிதத்தின் மதிப்புதான்.

பெற்றோர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொன்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். "இவளுக்கு இளகிய மனசு, அதனால் சேவைத் துறைதான் பொருத்தம்" என்பார்கள். இளகிய மனம் கெட்டதல்ல. ஆனால் அதை ஒரு தகுதியாக நான் எண்ணுவதில்லை. களப்பயிற்சியில் தடுமாறியவர்களில் இளகிய மனம் உள்ளவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நன்றாக வந்தவர்களிடம் பொதுவாக இருந்தது கவனமும், எழுத்து வேலையில் சலிப்பின்மையும்தான். சேவை என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வரும் காட்சியில் படிவங்கள் இருப்பதில்லை. உண்மையான வேலைநாளில் அவை ஏராளமாக இருக்கின்றன. ஒருவரைப் பார்த்துப் பேசியதற்கு ஈடான நேரம் அதைப் பதிவு செய்வதில் போகும். அந்தப் பதிவு தவறினால் அடுத்த வேளைப் பணிக்கு வருகிறவருக்கு எதுவும் தெரியாது. ஒருவர் அழுகிறபோது கூடவே கண்கலங்குவதைவிட, அவர் எந்தச் சொல்லில் அழத் தொடங்கினார் என்பதைக் கவனித்து வைத்திருப்பது பெரிது. (இதைச் சொன்னால் சில பெற்றோருக்கு முகம் சுருங்கிவிடுகிறது, கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறார்களோ என்னவோ.)

உடல் அசதியும் மனச்சோர்வும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இந்தத் துறைகளில் அவை உண்டு என்பது ஊரறிந்த செய்தி. வேலையால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், நோயாக அல்லாமல் பணிசார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்தது. இரவுப் பணி செவிலியரைக் களைக்கச் செய்கிறது, ஒரே நேரத்தில் கையாளும் குடும்பங்களின் எண்ணிக்கை சமூகப்பணியாளரைக் களைக்கச் செய்கிறது, அடுத்த மாத வருமானம் தெரியாமலிருப்பது கலைஞரைக் களைக்கச் செய்கிறது. இவற்றில் எதைத் தன்னால் தாங்க முடியும் என்று பதினெட்டு வயதில் யாராலும் கணிக்க முடியாது. களப்பயிற்சியில் ஓரளவு தெரிந்துவிடும் என்பதும் அதைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

இனி, பெயர்கள். இந்தத் துறைகளில் ஒன்றைப்போலவே ஒலிக்கும் பட்டங்கள் ஏராளம். அவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். நலவாழ்வு அறிவியல், நலவாழ்வு நிர்வாகம், பொது சுகாதாரம் என்ற பெயர்களில் வரும் இளநிலைப் பட்டங்கள் நல்ல படிப்புகளாகவே இருக்கலாம். ஆனால் அவற்றை முடித்தவர் நோயாளிக்கு ஊசி போடவோ சிகிச்சை தரவோ உரிமை பெறுவதில்லை. உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர் சிகிச்சை உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் அதற்கு முதுநிலையோ முனைவர் பட்டமோ, அதோடு மேற்பார்வையின் கீழ் செய்த பயிற்சியும் தேவை. சமூகவியலும் சமூகப்பணியும் ஒன்றல்ல. முன்னது சமூகத்தை ஆராயும் துறை, பின்னது களத்தில் இறங்கிச் செய்யும் தொழில். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே கேள்வி போதும்: இந்தப் பட்டத்தை முடித்த மறுநாள், அந்தத் தொழிலைப் பதிவு செய்யும் மன்றத்தில் என் பெயரைப் பதிவு செய்துகொள்ளத் தகுதி இருக்குமா, இல்லாவிட்டால் அதற்கு மேல் என்ன படிக்க வேண்டும்? இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், 'வேலைவாய்ப்புகள் நிறைய உண்டு' என்று சுற்றிவளைக்கும் சேர்க்கை அலுவலகத்தை நான் நம்புவதில்லை.

இரண்டு துறைகளுக்கு நடுவே நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோயால் சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில், வரைவது தனக்கும் மற்ற நோயாளிகளுக்கும் துணையாக இருப்பதைக் கண்டு 1942இல் அதற்குக் கலைவழி சிகிச்சை என்று பெயர் வைத்தார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944இல் இசைவழி சிகிச்சைக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்பே, 1911இல், மாக்ஸ் புரோடெல் என்ற ஓவியரின் தலைமையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவத்துக்கான ஓவியத்துறை அமைந்துவிட்டது. இவற்றைக் கேட்டதும், "கலையும் உண்டு, சேவையும் உண்டு, இதுதான் எனக்கு" என்று பிள்ளைகள் துள்ளுவது இயல்பு. ஆனால் பிரிட்டனில் கலை, இசை, நாடகவழி சிகிச்சையாளர்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளச் சட்டப்படிப் பதிவு வேண்டும். அதற்கான பயிற்சியும் முதுநிலையில்தான் தரப்படுகிறது. எனவே இந்த வழியில் போக நினைப்பவர் முதல் பட்டத்தில் ஏதாவது ஒன்றில் காலூன்றியே ஆக வேண்டும். இளநிலையிலேயே இரண்டையும் கலந்து தருவதாகச் சொல்லும் படிப்புகளில், பல நேரங்களில் இரண்டுமே நுனிப்புல் மேய்ச்சலாக இருந்துவிடுகின்றன. வரையத் தெரியாதவரும் கலைவழி சிகிச்சையாளராகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரிசையும் முக்கியம். நலவாழ்வுப் படிப்புகளில் சேர உயிரியலும் வேதியியலும் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. அவற்றை விட்டுவிட்டால் பிறகு திரும்பி வருவது சாத்தியம் என்றாலும் ஓர் ஆண்டையாவது விழுங்கும். நடனத்துக்கும் இசைக்கருவிக்கும் உடல் சிறு வயதிலேயே பழகியிருக்க வேண்டும். பட்டப்படிப்பு அங்கே தொடக்கமே அல்ல, நடுவழி. சமூகப்பணி மட்டும் தாமதமாக வருகிறவர்களிடம் தாராளமாக இருக்கிறது: பல நாடுகளில் வேறெந்தத் துறையில் பட்டம் வாங்கியவரும் முதுநிலையில் சேரலாம். எங்களிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் செவிலியராக வேலை பார்த்துவிட்டு வந்தவர், நாடகக் குழுவில் இருந்துவிட்டு வந்தவர் எல்லாம் உண்டு. நாடகக்காரரிடம் நோயாளிகளின் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் பதிவேடு எழுதச் சொன்னால் அவர் ஓடி ஒளிந்துகொள்வார். எதிலும் முடிவுக்கு வர முடியவில்லை என்கிற பிள்ளைக்கு, அறிவியல் பாடங்களை விட்டுவிடாதே, கைப்பழக்கத்தையும் விட்டுவிடாதே, சமூகப்பணி காத்திருக்கும் என்றுதான் சொல்கிறேன். என் துறையை நானே கடைசியில் வைப்பதைச் சக ஊழியர்கள் ரசிப்பதில்லை.

என் அண்ணன் மகள் இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறாள். விளம்பரக் கையேடுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டு, "எது நல்ல காலேஜ், சொல்லுங்க அத்தை" என்றாள். கையேட்டை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்கு விஷயங்களை எழுதிக் கேட்கச் சொன்னேன். களப்பயிற்சி இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்து தருமா, மாணவர் தேடிக்கொள்ள வேண்டுமா? ஒரு மேற்பார்வையாளரின் கீழ் எத்தனை மாணவர்கள்? அந்த மேற்பார்வையாளர் அதே தொழிலில் பயிற்சி பெற்றவரா, அல்லது யார் கிடைத்தார்களோ அவரா? பயிற்சியில் தவறுகிறவருக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டா, உண்டென்றால் எப்போது? இதில் முதல் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் இடம் கிடைக்காமல் பருவம் தள்ளிப்போன மாணவர்கள், கிடைத்த இடத்தில் தொலைபேசி எடுப்பதும் நகல் எடுப்பதுமாகக் காலம் கழித்த மாணவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களுடைய சான்றிதழிலும் அதே மணிக்கணக்குதான் அச்சாகியிருக்கும்.

பதில்களைவிட அவளுக்கு அதிகம் உதவியது இன்னொன்று. மூன்றாம் ஆண்டு படிக்கிற மாணவர்கள் இருவரைத் தொலைபேசியில் பிடித்து, "படிப்பு எப்படி இருக்கு?" என்று கேட்காமல், "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்கச் சொல்லியிருந்தேன். படிப்பு எப்படி இருக்கிறது என்றால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்பார்கள். செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்வது கடினம். செவிலியம் படிக்கும் மாணவி விடியற்காலையில் எழுந்ததிலிருந்து தொடங்கி, படுக்கையில் கிடந்தவருக்கு உடல் துடைத்துவிட்டது, குறித்து வைத்த திரவ அளவு கூட்டலில் தவறியதால் மூத்த செவிலியரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது, மாலையில் மருந்தியல் தேர்வுக்குப் படித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாராம். நுண்கலை மாணவர் நாள் முழுவதும் ஒரே ஒரு கையை வரைந்து வரைந்து அழித்ததாகச் சொன்னாராம். "உனக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை பிடிச்சிருந்தது?" என்று கேட்டேன். "பிடிக்கிறதுன்னா அந்த வரையுற பையனோடதுதான் அத்தை. ஆனா அந்தக் கூட்டல்ல என்ன தப்பு வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்" என்றாள். இரண்டுக்கும் விண்ணப்பம் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

விண்ணப்பத்துக்கு முன் நான் அவளை ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்: களப்பயிற்சி எந்தப் பருவத்தில் தொடங்குகிறது என்பது. இரண்டு ஆண்டு வகுப்பறையில் உட்கார வைத்துவிட்டு மூன்றாம் ஆண்டில்தான் முதன்முறையாக வார்டுக்கோ களத்துக்கோ அனுப்பும் படிப்புகள் இருக்கின்றன. அந்த நேரத்தில் ஒருவருக்கு 'இது எனக்கு ஒத்துவராது' என்று தெரிந்தால், அதற்குள் செலவான காலத்தையும் பணத்தையும் நினைத்து அவர் வெளியேற மாட்டார். பிடிக்காத தொழிலுக்குள் பட்டத்தோடு வந்து சேர்வார். 1919இல் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில், சேர்ந்தவுடன் அரையாண்டு முன்பயிற்சி கட்டாயமாக இருந்தது. மரம், துணி, கண்ணாடி, காகிதம் என்று பொருள்களைக் கையால் கையாண்டு பார்த்துத் தேறியவரே பட்டறைகளுக்கு அனுப்பப்பட்டார். முதல் பருவத்திலேயே வாரம் ஒரு நாளாவது ஒரு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ சமூகநல அலுவலகத்திலோ நிற்க வைக்கும் படிப்பையும், அந்த அரையாண்டுக்கு ஈடாக ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் கலைக்கல்லூரியையும், பெயர் சற்றுக் குறைந்ததாக இருந்தாலும் நான் முதலில் வைப்பேன். அண்ணன் மகள் பட்டியலிட்ட கல்லூரிகளில், பெரிய பெயர் கொண்ட ஒன்றில் களப்பயிற்சி ஐந்தாம் பருவத்தில்தான் தொடங்குகிறது. அதை அவள் இன்னும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அண்ணனுக்கு அந்தப் பெயரின் மேல் ஒரு கண். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருவதற்குள் அங்கே படிக்கும் ஒருவரிடமும் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.